பாஸ்தா நாளில் மிஞ்சிய சோறு

என் பிரியத்துக்குரிய அஜின் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. சபை ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பொறுமைசாலி, பாடகர் குழுவில் கணீரென்று பாடியவர், யார் வீட்டு மனுவானாலும் முகம் சுளிக்காமல் டைப் அடித்துக் கொடுத்தவர் என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். அதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நான் பாஸ்தாவைப் பற்றி எழுதப் போகிறேன்.

சிரிக்காதீர்கள். உங்களிடம் ஒத்துக்கொள்ள வேண்டிய பொய் ஒன்று என்னிடம் கிடக்கிறது. தனியாக உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், ஆறவில்லை. நாலு பேர் படிக்க எழுதினால்தான் ஆறும் போலிருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. டெல்லியில் அதே முனிர்கா, அதே இரண்டாம் மாடி. வீட்டுக்காரரை நம்பிப் பயனில்லை என்று படிக்கட்டு விளக்கை நானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிவிட்டேன். உங்கள் ஸ்கூட்டரையும் நான்தான் ஓட்டுகிறேன். முதல் வாரம் ஒரு காய்கறி வண்டியில் போய் முட்டினேன். நான் இறங்கிப் பார்த்த பார்வையில் வண்டிக்காரன்தான் மன்னிப்புக் கேட்டான். உங்களுக்குத் தெரியுமே, சுகந்தி எதற்கும் மலைக்கிறவள் இல்லை. இருபது வருஷமாக டயாலிசிஸ் பிரிவில் ஊசி போடுகிறேன், இந்தக் கை இதுவரை நடுங்கியதில்லை.

அஜின் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான். குரல் உடைந்து, ஃபோனில் பேசினால் நீங்களோ என்று ஒரு நொடி எனக்குப் பதறுகிறது. உங்களைப் பற்றி மட்டும் அவன் பேசுவதே இல்லை. நான் பேச்சை எடுத்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான். நானும் விட்டுப் பிடிக்கலாம் என்றிருந்தேன்.

மலரைப் படிக்கிறவர்களுக்காக இந்த இடத்தில் ஒரு வார்த்தை. எங்கள் பிரிவில் சீனியர் சிஸ்டர்களுக்கு வாரம் ஒரு மாலை ஷிஃப்ட் உண்டு. எனக்கு விழுந்தது புதன். அன்றைக்கு நான் வீடு வந்து சேர எட்டே முக்கால் ஆகும். அதனால் புதன்கிழமை அடுப்படி உங்களுடையது. தேங்காயும் கருவாடும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போனவர், ஏழு வயதுப் பிள்ளை கேட்டான் என்று ஒரு பாக்கெட் பாஸ்தாவும் வாங்கி வந்தீர்கள். அன்று தொடங்கியது. ஆறு வருஷம், ஒவ்வொரு புதனும், ஒரே சட்டியில் காய்கறி போட்ட வெள்ளைப் பாஸ்தா.

"ஒரே சட்டி பிள்ள, இருபது நிமிஷம், கழுவவும் ஒண்ணே ஒண்ணுதான்" என்று நீங்கள் அளந்த அளப்பு கொஞ்சமா நஞ்சமா! ஆபீசில் சுருக்கெழுத்து எழுதுகிற மனுஷன், சமையலையும் சுருக்கிவிட்டதாக நினைப்பு.

இப்போது என் பொய். அந்தப் பாஸ்தாவை நான் ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்லை.

பாலில் மாவை வேகவைத்துத் தின்பதாவது என்று எனக்கு முதல் நாளே குமட்டியது. நாகர்கோவிலில் மீன்குழம்பு ஊற்றிச் சோறு தின்று வளர்ந்த நாக்கு இது. வீட்டுக்கு வந்ததும், "நான் டூட்டியிலேயே சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிடுவேன். "அப்போ நாளைக்கு டப்பாவில வச்சுத் தாறேன்" என்பீர்கள். வியாழக்கிழமை அந்த டப்பா என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரும். மத்தியானம் அதை அப்படியே எங்கள் வார்டு ஆயா கம்லேஷிடம் கொடுத்துவிட்டு, நான் கேன்டீனில் சோறு வாங்கித் தின்பேன். சாயங்காலம் கழுவிய டப்பாவோடு வந்து, "நல்லா இருந்துச்சு" என்பேன். ஆறு வருஷம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும் போய்க்கொண்டு, இந்தப் பொய்யையும் சொல்லிக்கொண்டு!

சரி, இப்போது எதற்கு இதைக் கிளறுகிறேன்? உங்கள் மகனால்தான்.

நீங்கள் போன பிறகு, புதன்கிழமை மத்தியானமே சமைத்து ஹாட்கேஸில் வைத்துவிட்டு டூட்டிக்குப் போவேன். எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், முட்டைப் பொரியல் என்று ஏதாவது ஒன்று. வந்து பார்த்தால் பாத்திரம் காலி. பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறான் என்று கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுப்பேன்.

போன மாதம் கீழ்வீட்டு ஆன்ட்டி என்னைப் படியில் நிறுத்தினார். "பேட்டா புத்வார் புத்வார் குத்தே கோ சாவல் கிலாதா ஹை" என்றார். புதனுக்குப் புதன் பிள்ளை தெரு நாய்க்குச் சோறு வைக்கிறானாம். அந்த நாய் உருண்டு திரண்டு நடக்க முடியாமல் கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். யார் புண்ணியமோ என்று நினைத்திருந்தேன். என் புண்ணியம்தான்.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று சும்மாவா சொன்னார்கள்? நான் டப்பாவை ஆயாவுக்குக் கொடுத்தேன், அவன் நாய்க்குக் கொடுக்கிறான்.

மேலே போய்க் கேட்டேன். "மக்களே, புதன்கிழமை ராத்திரி நீ சாப்பிடுகது இல்லியா?"

"பூக் நஹி லக்தி, ம்மா."

"மத்த நாளெல்லாம் பசிக்கும், புதன்கிழமை மட்டும் பசிக்காதா?"

தண்ணீர் குடிக்க எழுந்து போனான். ஒரு வருஷத்துக்கு மேல் என் பிள்ளை புதன்தோறும் பட்டினியாகப் படுத்திருக்கிறான், நர்சம்மா எனக்குத் தெரியவில்லை. நோயாளி முகத்தைப் பார்த்தே உடம்பில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று சொல்கிறவள் நான். பெற்ற பிள்ளையின் வயிறு காய்வது தெரியவில்லை. அன்று எனக்கு என் மேலேயே வந்த கோபத்தை எழுதினால் இந்த மலர் தாங்காது.

ஆனால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க எனக்கு நேரமில்லை. பாஸ்தாதான் விஷயம் என்று முடிவு செய்தேன். அப்பா செய்த அதே பாஸ்தாவைப் புதன்கிழமை மேசையில் வைத்தால் பிள்ளை உட்காருவான். இதென்ன பெரிய ஆபரேஷனா?

அடுத்த புதனே டூட்டி முடித்து வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பாஸ்தாவைப் போட்டு, வெந்ததும் தட்டை மூடி, துணியால் பிடித்துச் சாய்த்து, கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் வடித்தேன். சோறு வடிப்பதில் எங்கள் ஊரில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை, இது மட்டும் தப்புமா? காய்களைத் தனியாக வதக்கி, பால் ஊற்றி, சீஸ் துருவிப் போட்டுக் கிளறினேன்.

பாஸ்தா ஒரு பக்கம், பால் ஒரு பக்கம். மாமியாரும் மருமகளும் போல ஒட்டவே இல்லை. அஜின் எட்டிப் பார்த்து, "ம்மா, யே க்யா ஹை?" என்றான். இது என்னவாம்! எனக்காக இரண்டு துண்டு தின்றான். மிச்சத்தை நாயிடம் கொண்டுபோகக்கூட அவன் மெனக்கெடவில்லை.

எங்கே தப்பு செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே தப்பு தெரியும்? என் புருஷன் ஆறு வருஷம் கிண்டிய பாஸ்தாவின் ருசி அஜினுக்குத் தெரியும், அவன் பேச மாட்டான். அவனை விட்டால் அந்த ருசி தெரிந்த ஒரே ஜீவன் கம்லேஷ்.

மறுநாள் மத்தியானம் கம்லேஷைப் பிடித்தேன். அவள் ஹரியானாக்காரி, ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு, பேசினால் வார்டே திரும்பிப் பார்க்கும். நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தண்ணீரை வடித்தேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஹே பக்வான்! பானி ஃபேங்க் தியா?" என்றாள். தண்ணீரையா கொட்டினாய்! அந்தக் கஞ்சியில்தான், சிஸ்டர், எல்லாம் இருக்கிறது, அது பாலோடு சேர்ந்துதான் கெட்டியாகும், வேறு க்ரீமும் வேண்டாம், மாவும் வேண்டாம் என்று எனக்கு வகுப்பெடுத்தாள். இங்கே நாள் முழுக்க மனுஷ உடம்பிலிருந்து தண்ணீரை எடுக்கிறாய், அந்தப் பழக்கத்தை வீட்டிலும் காட்டாதே என்று ஒரு குத்தலும் வேறு. பக்கத்துக் கட்டில் நோயாளிகூடச் சிரித்தார்.

பிறகு வரிசையாகச் சொன்னாள். எண்ணெயில் பூண்டும் வெங்காயமும். கேரட், பீன்ஸ், பட்டாணி, குடைமிளகாய், எல்லாம் பொடியாக. தக்காளி கூடாது, பால் திரிந்துவிடும். பாஸ்தாவைப் பச்சையாகவே அதில் போட்டு, மேலே ஒரு விரல்கணு அளவு தண்ணீர். உப்பு. மூடி. தண்ணீர் வற்றி அடியில் கொஞ்சம் நிற்கும்போது தீயைக் குறைத்துப் பால். கடைசியில் மிளகும் சீஸும்.

தின்றவளுக்கு ருசி தெரியும், சரி. விரல்கணு எப்படித் தெரியும்? கேட்டேன்.

"பையாஜி நே பதாயா" என்றாள். நீங்கள் சொன்னீர்களாம்.

எப்போது என்றேன். ஒரு மழை நாளில், வியாழக்கிழமை, என்னை அழைத்துப்போக ஸ்கூட்டரோடு கேட்டில் நின்றீர்களாம். டப்பா தனக்காகவே வருகிறது என்று நினைத்திருந்த அந்த மகராசி, நேரே வந்து உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். பாஸ்தா பிரமாதம், மிளகு மட்டும் போதவில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். நீங்கள் சிரித்தீர்களாம். எப்படிச் செய்வதென்று அவள் கேட்க, அங்கேயே நின்று சொல்லிக் கொடுத்தீர்களாம். "சிஸ்டர் கோ மத் பதானா" என்றும் சொன்னீர்களாம், என்னிடம் சொல்ல வேண்டாமென்று. அடுத்த வியாழனிலிருந்து டப்பாவில் மிளகு தூக்கல்.

அது இரண்டாம் வருஷம் என்கிறாள். அப்படியானால் மீதி நாலு வருஷமும் நான் "நல்லா இருந்துச்சு" என்று வந்து நின்றபோதெல்லாம் நீங்கள் தெரிந்தேதான் கேட்டுக்கொண்டிருந்தீர்களா? "மிளகு சரியா இருந்துச்சா பிள்ள?" என்று ஒரு தடவை கேட்டீர்களே, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். நானும் "சரியா இருந்துச்சு" என்றேனே. ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்போமே?

அடுத்த புதன். எட்டே முக்காலுக்கு வந்து, கை கால் கழுவி, அடி கனமான அந்த அகலச் சட்டியை எடுத்தேன். பூண்டு வதங்கிய வாசனைக்கு அஜின் அறைக் கதவு திறந்தது. வாசலில் சாய்ந்து நின்று பார்த்தான். நான் விரலை விட்டுத் தண்ணீர் அளந்தேன். நான் மூடியைத் தேடுவதற்குள் அவனே எடுத்து மூடினான்.

பிறகு ஒரு காரியம் செய்தான். கீழ்த்தட்டில் இருந்த சின்ன குக்கரை எடுத்தான். ஒரு டம்ளர் அரிசி அளந்து, இரண்டு தண்ணீரில் களைந்து, பக்கத்து அடுப்பில் வைத்தான்.

"என்ன மக்களே செய்ய?"

"ஒங்களுக்குச் சோறு."

"எனக்கா? எதுக்கு?"

"நீங்க பாஸ்தா சாப்பிட மாட்டீங்கல்ல. பப்பா எப்பவும் வைப்பாங்க. நீங்க மெட்ரோ இறங்கி ஃபோன் பண்ணுவீங்கல்ல, அப்போ பப்பா குக்கர் வைப்பாங்க. மூணு விசில். விசில் எண்ணி ஆஃப் பண்ணுகது என் டூட்டி." குக்கர் வெயிட்டைப் போட்டுவிட்டுச் சொன்னான். "ஒங்ககிட்ட மிஞ்சினதுன்னு சொல்லணும்னு பப்பா சொல்லியிருந்தாங்க."

அஜின் அப்பா, ஒவ்வொரு புதனும் நான் வந்து செருப்பைக் கழற்றும்போது நீங்கள் சொல்வீர்கள்: "கொஞ்சம் சோறு மிஞ்சிக் கெடக்கு பிள்ள. மீன்குழம்பும் இருக்கு. வீணாக்காண்டாம், தீத்துரு." நானும் சாப்பிட்டாச்சு என்று சொன்ன வாயோடு, வீணாகப் போகிறதே என்று உங்களுக்கு உபகாரம் செய்கிற மாதிரி, அடுப்படியில் நின்றபடியே அத்தனையையும் தின்பேன். பசி உயிர் போகும்.

பாஸ்தா செய்கிற நாளில் சோறு எப்படி மிஞ்சும்? மிஞ்சிய சோறு எப்படிச் சுடச்சுட இருக்கும்? ஆறு வருஷம் நான் இதை யோசிக்கவே இல்லையே. கம்லேஷ் சொல்லும் முன்பே, முதல் புதனிலேயே உங்களுக்கு என் பொய் தெரிந்திருக்கிறது. ஒரே சட்டி, ஒரே சட்டி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு இரண்டு பாத்திரம் கழுவியிருக்கிறீர்கள்.

எனக்கு அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை. பிள்ளை பயந்துபோய், "க்யா ஹுவா, ம்மா?" என்றான், என்ன ஆச்சு என்று. நான் போய்ப் பக்கத்து அடுப்பை அணைத்தேன்.

"இன்னைக்கு எனக்குச் சோறு வேண்டாம் மக்களே. நானும் இதைத்தான் சாப்பிடப் போறேன்."

"நீங்களா?" என்றான். நம்பவில்லை.

அதற்குள் சட்டியில் தண்ணீர் வற்றி, அடியில் கஞ்சி பளபளவென்று நின்றது. தீயைக் குறைத்துப் பால் விட்டேன். கிளறக் கிளற இரண்டும் கூடி, கரண்டியின் முதுகில் படிகிற பதத்துக்கு வந்தது. மிளகை நான் போட்டேன், சீஸை அவன் துருவினான். சட்டியோடு தூக்கி மேசையில் வைத்தோம். ஜெபத்தை அவனே சொன்னான், உங்கள் குரலில்.

சாப்பிட்டான், அஜின் அப்பா. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். மூன்றாவது தரம் போடும்போதுதான் தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "பாஸ்தாவுக்காக இல்ல, ம்மா. புதன்கிழமை நானும் பப்பாவும் சேர்ந்து சாப்பிடுவோம். அந்த மேசையில தனியா உக்காந்து சாப்பிட முடியல." பிறகு உங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினான். நீங்கள் பாஸ்தாக் குழாயை ஊதல் மாதிரி வாயில் வைத்துக் காட்டுவீர்களாமே. எனக்குத் தெரியாத எத்தனையோ புதன்கிழமைகளை அவன் வைத்திருக்கிறான். அன்று தண்ணீர் குடிக்க அவன் எழுந்து போகவே இல்லை.

உங்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. பாஸ்தா எப்படி இருந்தது? நன்றாக இருந்தது. மெய்யாகவே நன்றாக இருந்தது. இந்த ஒரு தடவை நான் பொய் சொல்லவில்லை என்று நீங்கள் எப்படி நம்புவீர்கள்? சட்டியை வழித்தவள் நான்தான் என்று அஜினைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை இனி ஹாட்கேஸ் கிடையாது. நான் வரும்வரை அஜின் காயை நறுக்கி வைத்திருப்பான், வந்ததும் இருபது நிமிஷம், இரண்டு பேரும் அதே மேசையில். வியாழக்கிழமை மிளகைத் தூக்கலாகப் போட்டு, கம்லேஷுக்கு அவள் பேரைச் சொல்லியே டப்பா போகும். கீழே நாய்தான் ஏமாந்து நிற்கிறது, அதற்கு வேறு வழி பார்க்கலாம்.

இன்னும் ஒரு வாக்கு. அஜினுக்கு ஒரு நாள் கல்யாணமாகி, மருமகள் எதையாவது பிடிக்கவில்லை என்று சொல்லத் தயங்கி நின்றால், நான் கேட்க மாட்டேன். பக்கத்து அடுப்பில் குக்கரை வைத்து, மூன்று விசில் எண்ணி இறக்கி, கொஞ்சம் சோறு மிஞ்சிக் கிடக்கிறது மக்களே என்பேன்.

மிஞ்சாத சோற்றை ஆறு வருஷம் சுடச்சுடத் தின்ற,
உங்கள் மனைவி, அஜினுக்கு அம்மா,
சுகந்தி